ஒரு சோறு பதம் பார்த்தால் போதாது

பானைச் சோறு வெந்ததா என்று அறிய ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் போதும். ஒரே தண்ணீர், ஒரே தீ. ஒன்று வெந்தால் மற்றவையும் வெந்திருக்கும். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை கிடக்கும் தண்டவாளத்தை அப்படிப் பதம் பார்க்க முடியாது. ஒரு துண்டை வெட்டி, இழுத்து, உடைத்துப் பார்த்தால் அந்தத் துண்டின் வலிமை தெரியும். பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே ஏதோ ஒரு வெல்டிங்கின் அடியில் வளரும் கீறல் தெரியாது. அங்கே ஒவ்வொரு அடியையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். விசாரித்து முடித்த பிறகும் தண்டவாளம் முழுதாக இருந்து அடுத்த ரயிலைச் சுமக்க வேண்டும்.

இப்படிப் பொருளைச் சிதைக்காமல் அதன் குறையைக் கண்டறிவதுதான் சிதைவிலாச் சோதனை. பட்டறைகளில் 'என்.டி.டி.' என்றால் உடனே புரியும். தாம்பரத்தில் ரயிலேறிக் கிண்டியில் இறங்குபவர், மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுபவர், ஜி.எஸ்.டி. சாலையில் கார் ஓட்டுபவர், நங்கநல்லூரில் பழைய அடுக்ககத்தில் குடியிருப்பவர் என எல்லோருமே தெரிந்தோ தெரியாமலோ இந்தச் சோதனைகளை நம்பித்தான் வாழ்கிறார்கள்.

தண்டவாளத்துக்குள் எதிரொலி

கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931-லேயே மின்ரயில் ஓடத் தொடங்கியது. அன்று அது மீட்டர் கேஜ். 2004-இல் மீட்டர் கேஜ் மின்ரயில் விடைபெற்று, முழுவதும் அகலப்பாதை ஆனது. பாதை அகலமானாலும் சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டர்தான். ஒவ்வொரு சக்கரத்தின் பல டன் பாரமும் அந்தச் சிறு பரப்பு வழியாகவே இறங்குகிறது. இறங்கி விலகி, மறுபடி இறங்குகிறது. லட்சக்கணக்கான முறை இப்படி அழுந்தி மீளும்போது, எஃகுக்குள் எங்கோ ஒளிந்திருந்த ஒரு கசடிலிருந்து கீறல் பிறக்கிறது. பொறியாளர்கள் இதை உலோகக் களைப்பு என்பார்கள்.

குளிர் அதற்குத் துணை போகிறது. இன்றைய தண்டவாளங்கள் கிலோமீட்டர் கணக்கில் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டவை. மார்கழி விடியலில் சுருங்க நினைத்தாலும் அவற்றால் சுருங்க முடியாது. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில், வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் இறங்கினால் ஏறத்தாழ 1.8 டன் இழுவிசை கூடுகிறது. 15 டிகிரி இறங்கினால் 27 டன். தண்டவாள விரிசல் செய்திகள் குளிர்கால அதிகாலைகளில் அதிகம் வருவதற்கு இதுதான் காரணம். கீமேன் எனப்படும் தடக்காவல் ஊழியர் நாள்தோறும் தடத்தில் நடந்து பார்ப்பதால் பல விரிசல்கள் அகப்படுகின்றன. ஆனால் அவர் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் கீறல் பெரும்பாலும் முறிவாகிவிட்டிருக்கும். அதற்கு முன்பே பிடிக்க ஒலி வேண்டும்.

ரயில்வேயில் யு.எஸ்.எஃப்.டி. என்று அழைக்கப்படும் மீயொலிச் சோதனைக்கு, தண்டவாளத்தின் மேல் தள்ளிக்கொண்டு போகும் ஒரு சிறு வண்டி பயன்படுகிறது. அதில் தண்ணீர்த் தொட்டியும் திரையும் தண்டவாளத் தலையை உரசியபடி நகரும் சில ஆய்வுமுனைகளும் இருக்கும். மனிதச் செவி விநாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். இந்த முனைகள் எழுப்புவது 20 லட்சம், 40 லட்சம் அதிர்வுகள். தண்ணீர் எதற்கு என்றால், முனைக்கும் எஃகுக்கும் நடுவே மெல்லிய காற்றுப் படலம் இருந்தாலும் இந்த ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும். வயிற்றில் ஸ்கேன் எடுக்கும்போது ஜெல் தடவுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

எஃகில் ஒலி விநாடிக்குச் சுமார் 5,900 மீட்டர் போகும். 60 கிலோ தண்டவாளத்தின் உயரம் 172 மில்லிமீட்டர். நேராகக் கீழே இறங்கும் ஒலி அடிப்பாதத்தில் பட்டுத் திரும்ப, ஒரு விநாடியில் பதினேழாயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். அதற்கு முன்னரே எதிரொலி வந்தால், வழியில் ஏதோ இருக்கிறது. எவ்வளவு முன்னதாக வந்தது என்பதிலிருந்து அது எந்த ஆழத்தில் இருக்கிறது என்றும் சொல்லிவிடலாம்.

நேராக இறங்கும் ஒலி மட்டும் போதாது. தண்டவாளத்தை முறிக்கும் கீறல் பெரும்பாலும் செங்குத்தாக நிற்கும். மேலிருந்து இறங்கும் ஒலி அதன் பக்கவாட்டில் வழுக்கிப் போய்விடும். அதனால்தான் முன்னும் பின்னும் 70 டிகிரி சாய்த்து ஒலி அனுப்பும் முனைகளும் வண்டியில் இருக்கின்றன. பாதத்தின் ஓரங்களுக்கு அவையும் எட்டா. தடத்திலேயே உருக்கி ஊற்றும் தெர்மிட் வெல்டிங்கில், பாதத்தின் அடியில் அரைநிலா வடிவில் கீறல் வளர்வது உண்டு. அதைப் பிடிக்க வெல்டிங்குக்கு வெல்டிங் குனிந்து, கையில் முனையை ஏந்திச் சோதிக்க வேண்டும்.

கண்டால் மட்டும் போதுமா?

ஆபத்தான குறை அகப்பட்டால் தண்டவாளத்தின் இருபக்கமும் சிவப்புச் சாயத்தில் மூன்று பெருக்கல் குறி போடுவார்கள். ஐ.எம்.ஆர்., அதாவது உடனே அகற்று என்று பொருள். அங்கே வேகம் அப்போதே மணிக்கு 30 கிலோமீட்டராகக் குறைக்கப்படும். 24 மணி நேரத்துக்குள் இருபுறமும் பிடித்தகடு இறுக்கி, 3 நாளுக்குள் அந்தத் துண்டையே மாற்ற வேண்டும் என்பது இந்திய ரயில்வேயின் விதி.

இந்த விதி எவ்வளவு கனமானது என்பதை இரண்டு விபத்துகள் சொல்கின்றன. 1998 நவம்பர் 26 அன்று பஞ்சாபின் கன்னா அருகே தண்டவாளம் முறிந்து ஒரு விரைவு ரயில் தடம்புரண்டது. எதிர்த்தடத்தில் வந்த சியால்டா எக்ஸ்பிரஸ் அதன் பெட்டிகளில் மோதியது. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2000 அக்டோபர் 17 அன்று இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் ஒரு தண்டவாளம் முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறி 4 பேர் இறந்தார்கள். ஹாட்ஃபீல்டில் கீறல்கள் இருப்பது முன்பே தெரியும். மாற்றுத் தண்டவாளம்கூடத் தயாராக இருந்தது. மாற்றத்தான் இல்லை.

சாயம், காந்தம், கதிர்

சிதைவிலாச் சோதனைக் குடும்பத்தில் ஒலி ஓர் உறுப்பினர்தான். அந்தக் கால நீராவி எஞ்சின் பட்டறைகளில் அச்சை எண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சுண்ணப்பொடி பூசிவைப்பார்கள். கீறலுக்குள் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளையில் கோடு போடும். இன்றைய 'டி.பி. டெஸ்ட்' எனும் சாய ஊடுருவல் சோதனை அதன் வாரிசு. எண்ணெய்க்குப் பதில் சிவப்புச் சாயமோ, புறஊதா விளக்கில் ஒளிரும் திரவமோ பயன்படுகிறது.

இரும்பு என்றால் காந்தம் எளிது. பொருளைக் காந்தமாக்கி இரும்புத்தூள் கலந்த திரவத்தை ஊற்றினால், கீறல் உள்ள இடத்தில் காந்தப்புலம் வெளியே கசிந்து தூளை இழுத்துக்கொள்ளும். காரின் ஸ்டியரிங்கைத் தாங்கும் வார்த்தும் அடித்தும் வடித்த பாகங்களை இப்படித்தான் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். காந்தம் ஒட்டாத அலுமினிய விமானத் தகடுகளுக்குச் சுழல் மின்னோட்டச் சோதனை உண்டு. கம்பிச் சுருளைத் தகட்டின் மேல் நகர்த்தினால் தகட்டுக்குள் மின்னோட்டம் சுழலும். ரிவிட் துளையோரம் கீறல் இருந்தால் அந்தச் சுழற்சி தடைபட்டுக் காட்டிக்கொடுக்கும்.

கண்ணுக்கு எட்டாத வெல்டிங்குகளுக்குக் கதிர்ப்படம். இதில் நம் செங்கல்பட்டு மாவட்டத்துக்கே ஒரு பெருமை உண்டு. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்த 500 மெகாவாட் வேக ஈனுலையில் 8 நீராவி உற்பத்திக் கலன்கள். ஒவ்வொன்றிலும் 23 மீட்டர் நீளத்தில் 547 குழாய்கள். குழாய்க்கு உள்ளே தண்ணீர், வெளியே உருகிய சோடியம். இரண்டும் சந்தித்தால் கடும் வினை நிகழும். ஒரு குழாய்க்கு இரு முனை வீதம் 8,752 இணைப்புகள். அத்தனையும் குறையில்லாமல் இருந்தாக வேண்டும். இதற்காக, குழாயின் துளைக்குள்ளேயே நுழையும் மெல்லிய தண்டின் நுனியிலிருந்து எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, வெளியே இணைப்பைச் சுற்றி வைத்த ஃபிலிமில் படம் பிடிக்கும் முறையைக் கையாண்டார்கள்.

இம்மையத்தின் இயக்குநராக 2004 முதல் 2011 வரை இருந்த பல்தேவ் ராஜ் இத்துறையின் முன்னோடிகளில் ஒருவர். அவரும் சக அறிஞர்களும் இந்த அறிவை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிகளுக்கும் கொண்டுபோனார்கள். வார்ப்பின்போது உள்ளே தங்கிய நுண்குமிழ்களின் இருப்பிடம் எந்த இரு சிலைகளிலும் ஒன்றாக இருக்காது. அதைப் பதிந்து வைத்தால், அசலை எடுத்துவிட்டுப் போலியை வைப்பவரால் வெளித்தோற்றத்தை ஒத்துச் செய்ய முடியுமே தவிர, உள்ளமைப்பை நகலெடுக்க முடியாது.

நம் வீட்டுத் தூண்

புறநகர்வாசிகளுக்கு நேரடியாக வேண்டியது கான்கிரீட் சோதனை. மாடியில் பூச்சு உதிர்ந்து துருக்கம்பி தெரியும்போது, மேலே பூசி மறைப்பதா, கட்டடத்தையே இடிப்பதா என்று அடுக்ககச் சங்கங்கள் திணறுகின்றன. முடிவெடுக்கும் முன் அளந்து பார்க்கலாம். தூணின் ஒரு பக்கம் மீயொலித் துடிப்பை அனுப்பி மறுபக்கம் வாங்கி வேகத்தைக் கணக்கிடுவார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த பழைய அளவுகோலின்படி விநாடிக்கு 4.5 கிலோமீட்டருக்கு மேல் என்றால் மிகச் சிறப்பு, 3.5-க்கு மேல் என்றால் நன்று, 3-க்குக் கீழே என்றால் ஐயத்துக்குரியது. உள்ளே பொந்தும் பிளவும் இருந்தால் ஒலி சுற்றிக்கொண்டு வரும்; வேகம் குறையும்.

கான்கிரீட்டின் மேல் அழுத்தியதும் உள்ளிருக்கும் சுத்தியல் மோதி எவ்வளவு எகிறுகிறது என்று பார்க்கும் கருவியும் உண்டு. ஆனால் அது மேற்பரப்பைப் பற்றி மட்டுமே பேசும். வயதான கான்கிரீட்டின் மேல்தோல் காற்றிலுள்ள கரியமில வாயுவால் இறுகி, உள்ளே இல்லாத வலிமையைக் காட்டிவிடும். ஆகவே ஒரே கருவியின் எண்ணை வைத்துச் சான்றிதழ் தருபவரை நம்ப வேண்டாம். ஒலிவேகம், எகிறல், கம்பியின் அரிப்பைக் காட்டும் மின்னழுத்தம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவரிடம் போக வேண்டும். தரமணியில் இருக்கும் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இத்தகைய ஆய்வுகளில் நீண்ட அனுபவம் கொண்டது.

படிக்கும் கண்

எந்தக் கருவியும் தானாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. 1989-இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட விமான விபத்துக்குக் காரணம் எஞ்சின் விசிறித் தட்டில் வளர்ந்த ஒரு கீறல். விபத்துக்கு முந்தைய ஆண்டு அந்தத் தட்டுக்கு ஒளிரும் திரவச் சோதனை நடந்திருந்தது. கீறல் தவறவிடப்பட்டது. சோதிக்கும் மனிதரின் எல்லைகளைப் பராமரிப்பு முறை போதிய அளவு கருதவில்லை என்பது விசாரணையின் முக்கிய முடிவு.

நமக்கும் பாடம் அதுவே. வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு மணிக்கணக்கில் திரையைப் பார்க்கும் ஊழியருக்குப் பயிற்சியும் ஓய்வும் போதிய ஆள்பலமும் வேண்டும். அவர் சிவப்புக் குறி போட்ட இடத்தில் தண்டவாளத்தை மாற்ற, ரயில்களை நிறுத்திவைக்கும் நேரம் மறுக்கப்படாமல் கிடைக்க வேண்டும். நடைமேடையில் காத்திருக்கும் நாமும் இதில் பங்காளிகள். பராமரிப்புக்காக ரயில் ரத்து என்ற அறிவிப்பைக் கேட்டு எரிச்சலடைவது இயல்பு. என்றாலும் அந்தப் பணியைத் தள்ளிப்போடச் சொல்லி அழுத்தம் தருவது தவறு. எந்த நிலையம் எத்தனை அழகாகப் புதுப்பிக்கப்பட்டது என்று கேட்பதோடு, குறை கண்ட தண்டவாளங்கள் குறித்த நாளுக்குள் மாற்றப்பட்டனவா என்றும் நம் பயணிகள் சங்கங்கள் கேட்கத் தொடங்க வேண்டும்.