இதயத்திற்கு இரட்டைச் சுமை

நம் இதயம் ஒரு பம்பு. நிமிடத்திற்கு ஏறத்தாழ 70 முறை துடித்து, ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. பெருக்கிப் பாருங்கள்: நிமிடத்திற்கு 5 லிட்டர், ஒரு நாளில் ஏறக்குறைய 7,000 லிட்டர்!

இந்தப் பம்பைப் பழுதாக்கும் காரணங்கள் பல. அவற்றுள் உடற்பருமனும் புகைபிடித்தலும் ஒருவரிடமே சேர்ந்துவிட்டால் என்ன ஆகும்?

கிணற்றுப் பம்பு ஒன்று ஓர் ஏக்கருக்கு நீர் பாய்ச்சுவதாகக் கொள்வோம். அதே பம்பைக் கொண்டு ஒன்றரை ஏக்கருக்குப் பாய்ச்சினால் அது கூடுதலாக உழைத்தாக வேண்டும். உடல் பருத்தவரின் இதயத்திற்கும் இதே நிலைதான். மிகுதியான திசுக்களுக்கும் இரத்தம் தேவை; இரத்தத்தின் மொத்த அளவு கூடுகிறது; பெரும்பாலும் இரத்த அழுத்தமும் உயர்கிறது. நாளடைவில் இதயத் தசை தடித்துவிடுகிறது.

இனி, புகையைப் பார்ப்போம். அதிலுள்ள நிக்கோட்டின் இதயத் துடிப்பை விரைவுபடுத்துகிறது; இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. கார்பன் மோனாக்சைடோ, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஹீமோகுளோபினுடன் பிணைந்து, ஆக்சிஜனுக்குரிய இடத்தைப் பறித்துக்கொள்கிறது. தமனிகளின் மெல்லிய உட்சுவரும் புகையால் சிதைகிறது. அங்கே கொழுப்பு படிந்து குழாய் குறுகுகிறது. உடற்பருமனுடன் வரும் கெட்ட கொழுப்பும் நீரிழிவும் தாக்குவது இதே உட்சுவரைத்தான்!

குழாய் சிறிது குறுகினால் என்ன என்று கேட்கலாம். குழாயில் பாயும் திரவத்தின் அளவு, ஆரத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது பாய்சொய் விதி. ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே பாய்வு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆரம் பாதியானால் பாய்வு 16இல் ஒரு பங்குதான்! இரத்தம் தண்ணீரைப் போன்ற எளிய திரவம் அன்று. தமனியும் விறைப்பான குழாய் அன்று. எனவே இக்கணக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் ஆபத்தின் போக்கை அது காட்டிவிடுகிறது.

ஆக, உடற்பருமன் இதயத்தின் தேவையைக் கூட்டுகிறது. புகை அதற்குக் கிடைக்கும் ஆக்சிஜனைக் குறைக்கிறது. வரவு குறைந்து செலவு பெருகிய குடும்பத்தின் நிலைதான்!

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிராமிங்காம் நகரில் 1948இல் 5,209 பேரைக் கொண்டு இதய ஆய்வு ஒன்று தொடங்கியது. பல ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்ததில் கிடைத்த ஒரு கணக்கு 2003இல் வெளியாயிற்று. புகைபிடிக்காத, அளவான எடையுள்ள 40 வயது ஆண்களோடு ஒப்பிட்டால், உடல் பருத்தவர்களின் ஆயுள் சராசரியாக 6 ஆண்டுகள் குறைந்திருந்தது. பருமனோடு புகையும் சேர்ந்தவர்களுக்கோ ஏறத்தாழ 14 ஆண்டுகள் குறைந்திருந்தது. இது எல்லா நோய்களையும் சேர்த்த கணக்கு.

“புகையை விட்டால் உடல் பெருத்துவிடும்” என்று சாக்குச் சொல்வோர் உண்டு. பலருக்குச் சில கிலோ கூடுவது உண்மையே. ஆனால், ஃபிராமிங்காம் ஆய்வில் பங்கேற்றோரின் பிள்ளைகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு என்ன தெரியுமா? நீரிழிவு இல்லாதவர்களில் புகையை விட்டவர்களுக்கு இதய, இரத்தக்குழாய் நோய்களின் ஆபத்து, தொடர்ந்து புகைத்தவர்களுக்கு இருந்ததில் ஏறத்தாழ பாதியே. எடை கூடியதால் இந்த நன்மை குறைந்துவிடவில்லை.

கிணற்றுப் பம்பை நிறுத்திவிட்டுப் பழுது பார்க்கலாம். இதயத்தை அவ்வாறு நிறுத்திவைக்க இயலுமா? எனவே மாணவர்களே, நாள்தோறும் ஓடியாடி விளையாடுங்கள், அளவறிந்து உண்ணுங்கள், முதல் சிகரெட்டைத் தொடாதீர்கள்.