கையில் இல்லாததை விற்பது

கையில் இல்லாத பங்கை எப்படி விற்க முடியும் என்று கேட்டாய் தம்பி. நம் மதுரைப் பூ மார்க்கெட்டை வைத்தே சொல்லிவிடலாம். டீயைக் குடி.

உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவருக்கு விலை ஏறினால் லாபம், இறங்கினால் நஷ்டம். சரக்கு அவருடையது. இதுதான் லாங். நீ ஒரு பங்கை வாங்கி வைத்தாலும் லாங்தான். ஒரு மணி நேரம் வைத்திருந்தாலும் சரி, பத்து வருஷம் வைத்திருந்தாலும் சரி. காலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது மாட்டுத்தாவணியில் ஒரு வியாபாரி. தை முகூர்த்தத்துக்கு 20 கிலோ மல்லி, கிலோ 800 ரூபாய் என்று கல்யாண வீட்டாரிடம் கார்த்திகையிலேயே பேசி அட்வான்ஸ் வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள். பூ இன்னும் மொட்டே விடவில்லை. விற்றாயிற்று, இனிமேல்தான் வாங்க வேண்டும். இது ஷார்ட். அன்று காலை விலை 500 என்றால் 6,000 ரூபாய் அவருக்கு மிச்சம். பூவை யாராவது இனாமாகவே கொடுத்தாலும் 16,000-க்கு மேல் கிடைக்காது. ஆனால் பனிக்காலத்தில் மல்லி வரத்து குறைந்துபோகும். கிலோ 3,000 ரூபாயைத் தாண்டிய நாட்களை மதுரை பார்த்திருக்கிறது. 2,500 என்று வைத்தாலே 34,000 ரூபாய் கையைவிட்டுப் போகும். முகூர்த்த நேரத்தில் பூ இல்லை என்று சொல்ல முடியுமா?

பங்கிலும் இதே கணக்குதான். 100 ரூபாய்க்கு வாங்கியது ஒன்றுமில்லாமல் போனாலும் நஷ்டம் 100. அதே 100-க்கு ஷார்ட் போட்டது 400 ஆனால் 300 போகும். அதற்கு மேலும் போகலாம், எல்லை கிடையாது.

2008 அக்டோபரில் ஜெர்மனியில் இப்படித்தான் ஆனது. ஃபோக்ஸ்வாகன் பங்கு இறங்கும் என்று நம்பிப் பலர் பங்கைக் கடன் வாங்கி விற்றிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்ஷே நிறுவனம், கையிலிருக்கும் பங்கும் ஆப்ஷன் ஒப்பந்தங்களுமாகச் சேர்த்து 74 சதவீதம் தன் பிடியில் இருப்பதாக அறிவித்தது. 20 சதவீதம் அங்குள்ள மாநில அரசிடம். சந்தையில் புழங்க மிச்சம் ஏறக்குறைய ஆறு சதவீதம். கடன் பங்கைத் திருப்பிக் கொடுக்க, விற்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்க ஓடினார்கள். 210 யூரோ பக்கம் இருந்த பங்கு இரண்டே வர்த்தக நாளில் 1,000 யூரோவைத் தாண்டிவிட்டு வந்தது.

நம் ஊரில், கையில் இல்லாத பங்கை உன் போனில் காலையில் விற்றால் சந்தை மூடும் 3.30-க்குள் திரும்ப வாங்கியாக வேண்டும். அன்றைக்குப் பார்த்து பங்கு அப்பர் சர்க்யூட்டில், அதாவது அன்றைக்கு ஏறக்கூடிய உச்ச வரம்பில், நின்றுவிட்டால் விற்க ஆளே இருக்காது. எக்ஸ்சேஞ்ச் ஏலத்தில் வாங்கி உரியவருக்குக் கொடுக்கும். அந்த விலையும் அபராதமும் உன் தலையில். நாள் கடந்து ஷார்ட்டில் நிற்க ஃபியூச்சர்ஸ், அதாவது பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம், இருக்கிறது. அதில் அன்றன்றைய நஷ்டம் அன்றன்றே கணக்கில் கழியும். விலை என்றாவது இறங்கும் என்று நீ நினைப்பது சரியாகவே இருக்கலாம். மார்ஜின் என்று கட்டி வைத்த பணம் தீர்ந்தால் அதுவரை காத்திருக்க விடமாட்டார்கள். வாங்கி வைத்தவன் காத்திருக்கலாம். எனக்குப் பெரிய வித்தியாசமாகப் படுவது இதுதான்.

2021-22 முதல் 2023-24 வரையான மூன்று வருஷத்தில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் கணக்குச் சொல்கிறது. மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். லாங், ஷார்ட் இரண்டும் சேர்ந்த கணக்கு.

அதற்காக ஷார்ட் போடுவது பாவம் என்று சொல்லமாட்டேன். தெற்கு ஆவணி மூல வீதியில் கடை நிறையத் தங்கம் வைத்திருக்கும் நகைக்கடைக்காரர், எம்.சி.எக்ஸ். சந்தையில் தங்க ஃபியூச்சர்ஸை விற்று வைக்கலாம். விலை இறங்கினால் கடைச் சரக்கில் போவது ஃபியூச்சர்ஸில் வந்துவிடும். ஏறினால் ஃபியூச்சர்ஸில் போவது கடைச் சரக்கில் ஏறியிருக்கும். அவருக்கு ஷார்ட் ஒரு காப்பு, ஏனென்றால் பீரோவில் தங்கம் இருக்கிறது. நீ விற்க நினைக்கும் பங்கில் ஒன்றுகூட உன்னிடம் இல்லையே, அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.