தாத்தா கட்டும் ஓய்வுக்கால வீடு



எங்க தாத்தா பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆகிட்டார். வந்த பணத்தில் எங்க பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு, அதே இடத்தில் சின்ன வீடு கட்டுகிறார். "மாடி வச்சுக் கட்டுங்க" என்று எல்லாரும் சொன்னாங்க. தாத்தா கேட்கலை. "வயசான காலத்துல நாங்க வீட்டைப் பார்த்துக்க முடியாது. வீடுதான் எங்களைப் பார்த்துக்கணும்" என்றார். எப்படி என்று எழுதுகிறேன்.

சுவர்: செங்கலைப் படுக்க வைக்காமல் குத்துவாட்டில் நிமிர்த்தி, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுகிறார்கள். இதற்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். சுமார் கால்வாசி செங்கல் மிச்சம். உள்ளே இருக்கும் காற்று, வெயில் சூட்டைச் சீக்கிரம் உள்ளே விடாது. இங்கிலாந்தில் பிறந்து கேரளாவில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917-2007) இந்த முறையில் நிறைய வீடுகள் கட்டினார். எங்க மேஸ்திரி, "உள்ள ஓட்டையா இருந்தா சுவர் நிக்காதுங்க" என்று ஒரே சண்டை. தாத்தா முதலில் பாத்ரூம் சுவரை மட்டும் கட்டச் சொன்னார். சுவரும் நின்றது, செங்கலும் மிஞ்சியது. பிறகுதான் சம்மதித்தார்.

கூரை: கான்கிரீட் கூரையில் மேல்பாதி அழுத்தத்தைத் தாங்கும். கீழ்பாதியில் இழுவையைத் தாங்குவது கம்பிதான். அதனால் கீழே கம்பிகளுக்கு நடுவில் ஓடுகளை வைத்து மேலே கான்கிரீட் போடலாம். சிமெண்ட் குறையும். கம்பி எவ்வளவு என்று இஞ்சினியர்தான் கணக்குப் போடணும். நாங்க வைத்தது பழைய வீட்டு ஓடு. பாட்டி கல்யாணமாகி வந்த வீட்டு ஓடு! வீட்டைப் பிரித்த அன்று பாட்டி அழுதாங்க. இப்போ அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறாங்க.

மழைநீர்: தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாச்சு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்க கூரை 50 சதுர மீட்டர். வருஷத்துக்கு 900 மில்லிமீட்டர் பெய்தால் 45,000 லிட்டர். பாட்டி தெருக்குழாயில் பிடிக்கும் குடம் 15 லிட்டர். அப்போ 3,000 குடம்! எல்லாம் தொட்டியில் அடங்காது. மீதி கிணற்றுக்குப் போகும்.

வாசல்: பாட்டிக்கு முழங்கால் வலி. அதனால் படி இல்லை, சரிவுதான். பாத்ரூமில் பிடித்துக்கொள்ள கம்பி உண்டு.

நண்பர்களே, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்க பாட்டியிடம் கேளுங்க: "படி ஏற முடியுதா? ஒரு நாளைக்கு எத்தனை குடம் தூக்குறீங்க?" எங்க வீட்டுத் திட்டம் அந்தக் கேள்வியில்தான் ஆரம்பிச்சது.

- 9-ம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி