ஆர்எக்ஸ் 100: மறக்கவொண்ணா ஓசை
ஜப்பானின் யமஹா நிறுவனம் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்துடன் கைகோத்து 1985-இல் இந்தியச் சாலைகளுக்குக் கொண்டுவந்த ஆர்எக்ஸ் 100 மோட்டார் சைக்கிள், 1996-இல் உற்பத்தி நின்ற பின்னரும், அதை வைத்திருந்தோரின் நினைவில் தனியிடம் பெற்றுள்ளது. வெறும் 98 சிசி எஞ்சின் ஏறத்தாழ 11 குதிரைத்திறன் தந்ததற்கு, கிராங்க் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரிபொருளை எரிக்கும் ‘டூ ஸ்ட்ரோக்’ முறையும், உள்ளே வந்த பெட்ரோல்-காற்றுக் கலவை கார்புரேட்டருக்குத் திரும்பாமல் தடுக்கும் மெல்லிய தகடான ‘ரீட் வால்வு’ம் துணைநின்றன. எடை குறைவாதலால், கிக்கரை உதைத்து ஆக்சிலரேட்டரைத் திருகியதும் வண்டி சீறிப் பாய்ந்தது. சைலன்சரின் ஓசையோ, தெருமுனையில் வருபவர் யாரென்று வீட்டாருக்கு முன்கூட்டியே அறிவித்தது. எரியாத எரிபொருளும் எண்ணெயும் கலந்த நீலப் புகை, மாசு விதிகள் இறுகியபோது இந்த வண்டிக்கு எமனாயிற்று. அது நியாயமே எனினும், துருவேறிய வண்டியைத் தேடி வாங்கி, மட்கார்டுக்கு மறுபடி குரோம் பூசி, எஞ்சினைப் பிரித்துக் கோப்போரின் பற்று போற்றத்தக்கது.