கேட்காவின் பழத்தோட்டம்

குடும்ப வன்முறைக்கு ஆளான பெண் வீட்டைவிட்டு வெளியேறும்போது பெரும்பாலும் அவர் கையில் பணம் இருப்பதில்லை. குழந்தையை மட்டும் அழைத்துக்கொண்டு உடுத்திய உடையுடன் வருபவர் பலர். அன்றிரவு தங்க ஓர் இடமும் உணவும் வேண்டும். அடுத்த சில நாள்களில் மருத்துவர், காவல் நிலையம், வழக்கறிஞர் எனத் தேவைகள் தொடரும். அதன்பின் ஒரு தொழில், குழந்தைக்குப் பள்ளி, அச்சமின்றி வாழ ஒரு வாடகை வீடு ஆகியவை தேவைப்படும். இவை நிறைவேற ஓராண்டும் ஆகலாம், மூன்றாண்டும் ஆகலாம்.

அவருக்கு அடைக்கலம் தரும் தொண்டு நிறுவனம் அத்தனை காலமும் நடைபெற வேண்டும். மாதந்தோறும் வாடகை செலுத்த வேண்டும். நாள்தோறும் அடுப்பு எரிய வேண்டும். நன்கொடையோ அவ்வாறு நாள் தவறாமல் வருவதில்லை. நாளிதழில் ஒரு கொடுமை வெளியானால் பெருகும். சில வாரங்களில் வற்றிவிடும். இச்சிக்கலைப் புனே நகரில் நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டவர் பண்டித ரமாபாய் (1858–1922).

அக்காலத்தில் குடும்ப வன்முறைக்குத் தனிச் சட்டம் இல்லை. எனினும் துன்பம் இருந்தது. இளமையிலேயே கணவரை இழந்த சிறுமியர் தலைமுடி மழிக்கப்பட்டு, ஒருவேளை உணவுடன், புகுந்த வீட்டில் ஊதியமில்லா வேலையாள்களாக வாழ்ந்தனர். அடியும் வசையும் அவர்களுக்குப் புதியன அல்ல. புனேயில் 1863ஆம் ஆண்டிலேயே ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் கைவிடப்பட்ட கைம்பெண்களுக்காக ஒரு காப்பகம் தொடங்கினர். ரமாபாயும் 1882இல் கணவரை இழந்து, கைக்குழந்தையுடன் தனித்து நின்றவர். கைம்பெண்களுக்கு உறைவிடப் பள்ளி ஒன்று அமைக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். பணம்தான் இல்லை.

அவர் முதலில் ஒரு நூல் எழுதினார். உயர்சாதி இந்துப் பெண்களின் நிலையை விளக்கும் அந்த ஆங்கில நூல் 1887இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வெளியாகி நன்கு விற்றது. அதே ஆண்டு பாஸ்டன் நகரில் ரமாபாய் சங்கம் அமைக்கப்பட்டது. பள்ளியின் செலவைப் பத்தாண்டுகள் ஏற்பதாகச் சங்கத்தார் உறுதியளித்தனர். அதன் துணையுடன் 1889 மார்ச் 11 அன்று மும்பையில் சாரதா சதன் திறக்கப்பட்டது. மறு ஆண்டே புனேக்கு இடம் மாறியது.

பத்தாண்டு உறுதிமொழி பெரிய கொடைதான். ஆனால் அதற்கு ஒரு முடிவு நாள் இருந்தது. உள்ளூர் ஆதரவும் உறுதியாக இல்லை. மாணவியர் சமயம் மாற ஊக்குவிக்கப்படுகின்றனர் என்ற குற்றச்சாட்டு 1893இல் எழுந்தபோது, ஆலோசனைக் குழுவில் இருந்த புனே பெருமக்கள் விலகினர். பலர் தம் வீட்டுப் பெண்களைத் திரும்ப அழைத்துச் சென்றனர். பிறர் மனம் மாறும்போதெல்லாம் அடைக்கலமும் ஆட்டம் காணும் என்பதை ரமாபாய் நேரில் கண்டார்.

எனவே அவர் நிலம் வாங்கினார். புனேயிலிருந்து தவுண்டு செல்லும் இருப்புப்பாதையில் உள்ள கேட்காவ் என்னும் சிற்றூரில் சுமார் 100 ஏக்கர் நிலம் அது. அங்குக் கிணறு வெட்டி, பழமரங்கள் நட்டார். அமெரிக்கர்களின் உறுதிமொழி முடியும் காலத்தில் மரங்கள் காய்க்கும். அவ்வருவாயில் பள்ளி நடக்கும் என்பது அவருடைய கணக்கு. கிடைத்த நன்கொடை முழுவதையும் அரிசிக்கும் துணிக்கும் செலவிட்டிருந்தால் சில ஆண்டுகள் குறையின்றிக் கழிந்திருக்கும். அவரோ அதில் ஒரு பகுதியை வருவாய் தரும் உடைமையாக மாற்றினார். அன்று இதற்குத் தனிப்பெயர் இல்லை. இன்று இதனை ஒத்த சிந்தனையைச் சமூக முதலீடு என்பர்.

நன்கொடை கொடுத்தவரிடம் திரும்பாது. சமூக முதலீடு திரும்பி வரும். சில வேளைகளில் சிறிதளவு வட்டியோடும் வரும். ஆயினும் ஆதாயம் மட்டும் அதன் நோக்கமன்று. வங்கி, ஈட்டுப் பொருள் கேட்கும். சொந்தக் கட்டடம் இல்லாத தொண்டு நிறுவனம் அதற்கு எங்கே போகும்? சமூக முதலீட்டாளர் குறைந்த வட்டிக்கு நீண்ட காலம் காத்திருக்க இசைகிறார். இங்கிலாந்தில் 2020இல் தொடங்கப்பட்ட ஒரு நிதியம் இதற்குச் சான்றாகும். முதலீட்டாளர்களின் பணத்தைக் கொண்டு அது வீடுகள் வாங்குகிறது. வன்முறையிலிருந்து தப்பிய பெண்களுக்கு உதவும் தொண்டு நிறுவனங்களுக்கு அவ்வீடுகளைக் குத்தகைக்கு விடுகிறது. அந்நிறுவனங்கள் செலுத்தும் வாடகையே முதலீட்டாளர்களுக்குரிய வருவாய். பெண்களுக்கோ, உரிமையாளர் திடீரெனக் காலி செய்யச் சொல்லாத வீடு கிடைக்கிறது.

இந்தியாவிலும் சமூகப் பங்குச் சந்தைக்கான விதிகளைச் செபி அமைப்பு 2022இல் வகுத்தது. அதில் தொண்டு நிறுவனங்கள் வெளியிடும் ஒருவகைப் பத்திரத்திற்கு வட்டியும் இல்லை, அசலும் திரும்பாது. பெயர் பத்திரம், இயல்பு நன்கொடை. இருப்பினும், பணம் எவ்வாறு பயன்பட்டது என்பதை நிறுவனம் வெளிப்படையாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது இதன் நன்மை.

கேட்காவின் கணக்கு ரமாபாய் எண்ணியபடியே நடந்ததா? இல்லை. 1896–97இல் மத்திய மாகாணங்களைப் பஞ்சம் வாட்டியது. ரமாபாய் அங்குச் சென்று, ஆதரவற்ற பெண்களையும் சிறுமியரையும் நூற்றுக்கணக்கில் அழைத்து வந்தார். புனேயில் பிளேக் நோய் பரவியிருந்ததால், அவர்கள் கேட்காவ் நிலத்திலேயே தங்க வைக்கப்பட்டனர். முக்தி என்னும் இல்லம் அவ்வாறு வளர்ந்தது. 1900ஆம் ஆண்டளவில் அங்கு 1,500 பேர் வாழ்ந்தனர்; நூற்றுக்கும் மேற்பட்ட கால்நடைகளும் இருந்தன. இத்தனை பேருக்கு எந்தப் பழத்தோட்டம் சோறு போடும்? மீண்டும் நன்கொடைகளே கைகொடுத்தன.

ஆனால் அந்த நிலம் இல்லாதிருந்தால் அவர்களை அழைத்துவர இடமே இருந்திருக்காது. அங்கு வந்தவர்கள் வெறுமனே உண்டு உறங்கவும் இல்லை. நெசவு, தையல், பால் பண்ணை, எண்ணெய் ஆட்டுதல் ஆகியவற்றைக் கற்றனர். அச்சகத்தில் எழுத்துக் கோத்தனர். வீட்டிலிருந்து துரத்தப்பட்ட பெண் தன் கையால் ஈட்டும் முதல் கூலி, எந்தக் கணக்கேட்டிலும் உரிய அளவில் பதிவாவதில்லை. அடித்த வீட்டுக்கே திரும்பிச் செல்லும் கட்டாயத்திலிருந்து அக்கூலிதான் அவரை விடுவிக்கிறது.

சமூக முதலீட்டின் எல்லையும் இதிலிருந்து புலப்படும். வாடகை, பால், துணி ஆகியவை வருவாய் தரும். அவற்றிற்குக் கடன் வாங்கலாம். நள்ளிரவில் வரும் தொலைபேசி அழைப்புக்குப் பதில் சொல்வதும், நடுங்கும் குழந்தையின் அருகே அமர்ந்திருப்பதும், நீதிமன்றத்திற்குத் துணை செல்வதும் ஒரு காசும் ஈட்டித் தாரா. இப்பணிகளுக்குக் கடன் வாங்கிய நிறுவனம் தவணை கட்ட இயலாமல் கதவை அடைக்க நேரிடும். இவை நன்கொடையாலும் அரசு நிதியாலும் மட்டுமே நடைபெறக் கூடியவை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது; 181 என்னும் உதவி எண்ணும் பெண்களுக்காக இயங்குகிறது. இவற்றின் செலவை முதலீட்டாளர் தலையில் ஏற்ற முடியாது.

சாரதா சதனின் முதல் கைம்பெண் மாணவி கோதுபாய். அவர் 1893இல் தோண்டோ கேசவ் கார்வேயை மறுமணம் செய்து ஆனந்திபாய் ஆனார். 1896இல் கார்வே புனேயில் கைம்பெண்களுக்கான இல்லம் ஒன்றைத் தொடங்கினார். 1900இல் அது நகருக்கு வெளியே ஹிங்கணே என்னும் ஊருக்கு இடம் மாறியது. அவ்வில்லத்திற்காக நிதி திரட்டியவர்களுள் ஆனந்திபாயும் ஒருவர்.