கீழே கடை, மேலே வீடு, எதிரே தண்ணீர்: ஹம்பேர்க் துறைமுகத்தின் அனுபவம்

கீழே கடை, மேலே வீடு என்பது எமது வர்த்தகர்களுக்குப் புதிய சங்கதியல்ல. கொழும்பு மெயின் வீதியிலும் காலியிலும் பேருவளையிலும் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் கட்டியிருக்கிறோம். இப்போது பலர் கடலோரத்திலோ களப்போரத்திலோ ஒரு துண்டுக் காணி வாங்கி, கீழே கடையும் நடுவில் கந்தோரும் மேலே வீடும், இயலுமானால் ஒரு கலியாண மண்டபமும் கட்டும் யோசனையில் இருக்கிறார்கள். இத்தகைய கட்டடத்தில் பணம் எங்கே விளைகிறது, எங்கே கரைகிறது என்பதை அறிய ஜேர்மனியின் ஹம்பேர்க் துறைமுகத்தைப் பார்ப்பது பயன்தரும். எமது நாட்டின் தேயிலைக்கும் அந்தத் துறைமுகத்துக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு.

எல்பே நதிக்கரையில் 1960களில் கட்டப்பட்ட பெரிய செங்கல் களஞ்சியசாலை ஒன்று இருந்தது. கொக்கோ, தேயிலை, புகையிலை ஆகியவை அங்கு சேமிக்கப்பட்டன. கொள்கலன்கள் வந்த பின்னர் மூடை மூடையாகச் சரக்கு அடுக்கும் களஞ்சியங்களுக்கு வேலை குறைந்தது. அதன் வெளிச்சுவர்களை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே அகற்றிவிட்டு, மேலே கண்ணாடியாலான இன்னொரு கட்டடத்தை ஏற்றினார்கள். சுவிஸ் நாட்டின் ஹேர்சோக், டி முறோன் ஆகிய கட்டடக் கலைஞர்கள் வரைந்த எல்ப்பில்ஹார்மோனி என்ற இந்தக் கட்டடம் 2017 ஜனவரியில் திறக்கப்பட்டது. உயரம் 110 மீற்றர். பழைய களஞ்சியத்தினுள் வாகனத் தரிப்பிடம். மேலே சுமார் 2,100 ஆசனங்கள் கொண்ட சங்கீத மண்டபம், ஒரு ஹோட்டல், 45 வரையிலான தொடர்மாடி வீடுகள். பழையதும் புதியதும் சேருமிடத்தில், 37 மீற்றர் உயரத்தில், ஒரு பொது முற்றம். மண்டபத்துக்குச் சீட்டு வாங்காதவரும் அங்கு ஏறி நின்று துறைமுகத்தைப் பார்க்கலாம்.

ஒரே கூரையின் கீழ் பல உபயோகங்களைச் சேர்க்கும்போது முதலில் வரும் தகராறு சத்தம். மண்டபத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடுகையில் பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்க வேண்டும். கப்பல் ஊதினால் மண்டபத்தினுள் கேட்கக்கூடாது. இதற்காக அந்தப் பெரிய மண்டபத்தையே தனிப்பெட்டி போலச் செய்து, 362 உருக்குச் சுருள்வில் தொகுதிகளின் மீது நிறுத்தினார்கள். கட்டடத்தின் மற்றப் பகுதிகளோடு அது இறுக ஒட்டவில்லை. எமக்கு அந்த அளவு தேவையில்லை. ஆனால் மண்டபத்துக்கும் வீட்டுக்கும் ஒரே படிக்கட்டை வைத்துவிட்டு, பின்னர் வாடகைக்காரரோடு சண்டை பிடிக்கும் கட்டடங்கள் எமது ஊர்களில் எத்தனை! வீட்டுக்குத் தனி வாசல், சரக்கு இறக்கும் லொறிக்குத் தனி வழி என்பவற்றைப் பிளானிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். கட்டி முடித்த பின் உடைத்துச் செய்வது இரட்டைச் செலவு.

அடுத்தது தண்ணீர். ஹம்பேர்க் நகரம் 1962 பெப்ரவரியில் வந்த புயல் வெள்ளத்தில் 315 பேரைப் பறிகொடுத்தது. எல்ப்பில்ஹார்மோனி நிற்கும் ஹாபென்சிற்றி என்ற புதிய நகர்ப்பகுதியோ பிரதான வெள்ளத் தடுப்பணைக்கு வெளியே இருக்கிறது. முழுப் பகுதியையும் சுற்றி அணை கட்டியிருக்கலாம். அப்படிச் செய்தால் ஒரு காணி விற்கப்படுமுன்னரே பெருந்தொகை முடங்கிவிடும். அணை பூர்த்தியாகும் வரை எவரும் கட்டவும் முடியாது. ஆகவே வேறு வழியைக் கண்டார்கள். ஒவ்வொரு கட்டடமும் கடல் மட்டத்திலிருந்து சுமார் 8 முதல் 9 மீற்றர் உயரமான மேடையில் நிற்க வேண்டும். அந்த மேடையின் உட்புறம் வீணாகவில்லை, வாகனத் தரிப்பிடமாகிறது. வீதிகளும் உயர்ந்திருப்பதால் வெள்ள நாளிலும் வெளியேறலாம். தண்ணீரோர நடைபாதை மட்டும் பழைய தாழ்வான மட்டத்திலேயே விடப்பட்டுள்ளது. வருடத்தில் சில நாட்கள் அது மூழ்கும். தாழ்வில் உள்ள வாசல்களை உருக்குக் கதவுகளால் அடைத்துவிடுவார்கள். 2013 டிசம்பரில் தண்ணீர் 6 மீற்றரைத் தாண்டியபோது இந்த ஏற்பாடு சோதிக்கப்பட்டது. பாதுகாப்புச் செலவு காணி காணியாக, கட்டுபவரிடமிருந்தே வருகிறது என்பதுதான் இதிலுள்ள கணக்கு.

இதை அப்படியே எமது கரையோரத்துக்குக் கொண்டுவர முடியாது. புயல் வெள்ளம் பல மணித்தியாலம் முன்கூட்டித் தெரியும். கதவை அடைக்க அவகாசம் உண்டு. 2004 டிசம்பர் 26 இல் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் அம்பாந்தோட்டையிலும் வந்த சுனாமி அப்படி வரவில்லை. மோதிவரும் அலைக்கு முன் மூடிய சுவர் எதிரியாகிறது. தண்ணீர் ஊடறுத்துச் செல்லும்படி தூண்கள் மட்டுமுள்ள திறந்த கீழ்த்தளம் தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு அதிகம். அந்தத் தளத்தில் வாகனமும் சந்தைத் தட்டுகளும் இருக்கலாம். களஞ்சியமும் கணக்குப் புத்தகமும் மின்சாரப் பெட்டியும் மேலே போகட்டும். உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றருக்குள் கட்டுவதானால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவை என்பதையும் காணி வாங்குமுன் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஹாபென்சிற்றியில் கீழ்த்தளத்தை வீடாக்க இலகுவில் விடுவதில்லை. பல இடங்களில் 5 மீற்றர் உயரத்தில் கட்டி, கடை, உணவகம், காட்சிக்கூடம் போன்ற பொது உபயோகத்துக்கு ஒதுக்க வேண்டும். கீழ்த்தளம் பூட்டிக்கிடந்தால் மக்கள் தண்ணீரோரம் வரமாட்டார்கள். மக்கள் வராவிட்டால் மேல்மாடியின் மதிப்பும் இறங்கும். ஆரம்ப வருடங்களில் கீழ்க்கடையின் வாடகை குறைவாயிருந்தாலும் மேல்மாடிகள் அதைத் தாங்கும் என்று முதலீட்டாளர் கணக்கிட வேண்டியுள்ளது.

இனி கசப்பான பகுதி. எல்ப்பில்ஹார்மோனிக்காக நகர மக்களின் பணத்திலிருந்து 77 மில்லியன் யூரோ போதும் என்று முதலில் சொல்லப்பட்டது. இறுதியில் அது 789 மில்லியன் ஆயிற்று. நன்கொடைகளையும் சேர்த்து மொத்தம் 866 மில்லியன். 2007 இல் அடிக்கல் நாட்டி 2010 இல் திறக்க எண்ணியது, ஏழு வருடம் தாமதமானது. பழைய களஞ்சியத்தின் அத்திவாரம் போதாமல் மேலும் 650 வரையிலான கொங்கிரீட் முளைகளை இறக்க நேர்ந்தது. ஆனால் பெரிய காரணம் அதுவல்ல. பிளான் முழுமையாக முடியுமுன்னரே கொந்தராத்தில் கையெழுத்திட்டார்கள் என்பதை நகர நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு 2014 இல் வெளிப்படுத்தியது. கட்டடக் கலைஞர் நகரத்தோடு ஓர் ஒப்பந்தம், கொந்தராத்துக்காரர் நகரத்தோடு இன்னோர் ஒப்பந்தம்; அவ்விருவருக்குமிடையில் எதுவுமில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மேலதிகப் பட்டியல் வந்தது. 2011 இல் கூரை விடயத்தில் தகராறு முற்றி வேலையே நின்றது. பின்னர் நிலையான தொகையில் முழுப் பொறுப்பையும் கொந்தராத்துக் கம்பனியிடம் ஒப்படைத்த புதிய உடன்படிக்கைக்குப் பிறகுதான் வேலை நகர்ந்தது. “பாஸ், நீங்க தொடங்குங்க, மாத்தம் இருந்தா பிறகு பாப்பம்” என்று நாம் மேசனிடம் சொல்வது இதே நோய்தான்; தொகைதான் சிறியது.

காணி விடயத்தில் மட்டும் ஹாபென்சிற்றி நிர்வாகம் நிதானமாக நடந்தது. தெரிவான முதலீட்டாளருக்குக் காணி உடனே விற்கப்படாது. ஒரு கட்டணத்துடன் குறித்த காலத்துக்கு அவருக்கென ஒதுக்கப்படும். அக்காலத்தில் அவர் மண்ணைச் சோதித்து, பிளான் வரைந்து, கட்டட அனுமதி பெற வேண்டும். அதன் பின்பே விற்பனை. நாமோ காணிக்கு முழுப் பணத்தையும் கட்டிவிட்டுத்தான் அனுமதி கிடைக்குமா என்று விசாரிக்கப் போகிறோம். நொத்தாரிசு முன்னிலையில் எழுதி, சிறு முற்பணத்துடன் ஆறு மாதத் தவணை கேட்டுப் பார்க்கலாம். கேள்வி அதிகமுள்ள காணிக்கு உரிமையாளர் சம்மதிக்கமாட்டார். நெடுநாள் விலைபோகாமல் கிடக்கும் காணிக்குச் சம்மதிப்பவர் இருப்பார்.