கதை கேட்ட பிள்ளைகள் கேள்வியும் கேட்கட்டும்

‘இந்தியா முழுவதும் சுற்றி வந்துவிட்டேன். ஒரு பிச்சைக்காரரையோ திருடரையோ காணவில்லை. இந்த நாட்டின் முதுகெலும்பான பண்பாட்டை முறிக்காமல் இதை நம்மால் வெல்லவே முடியாது.’ 1835 பிப்ரவரி 2 அன்று ஆங்கிலேய அதிகாரி மெக்காலே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இப்படிப் பேசியதாக ஒரு செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றிவருகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. மேடைகளில் கைதட்டல் வாங்குகிறது. பேச்சுப் போட்டிகளில் பிள்ளைகள் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிக்கிறார்கள்.

இதை ஒரு தாளில் அச்சிட்டு ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் கொடுத்து, இரண்டே கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். முதல் கேள்வி: அன்றைக்கு மெக்காலே எங்கே இருந்தார்? நூலகத்தில் தேடினால் விடை கிடைக்கும். 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கியவர், ஊட்டியில் தங்கியிருந்த கவர்னர் ஜெனரல் பெண்டிங் பிரபுவைப் பார்த்துவிட்டுக் கல்கத்தா போனார். 1838 வரை அவர் இந்தியாவில்தான் இருந்தார். லண்டன் நாடாளுமன்றத்தில் அன்று அவர் பேசியிருக்க வழியே இல்லை. இரண்டாவது கேள்வி: 1835-இல் ஓர் ஆங்கிலேயர் ‘இந்தியாவை வெல்ல முடியாது’ என்று சொல்லியிருப்பாரா? கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டு 36 ஆண்டுகள் ஓடியிருந்தன. திப்பு வீழ்ந்ததும் அதே 1799-இல்தான். மராத்தியரின் ஆட்சி 1818-இல் முடிந்துவிட்டது. இந்தியாவின் பெரும்பகுதியை வென்று முடித்தவர்கள் அவர்கள்.

அதே தேதியில் மெக்காலே எழுதிய ஒன்று உண்மையாகவே இருக்கிறது. கல்விக்காக 1813-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிய ஒரு லட்சம் ரூபாயை எந்த மொழிக் கல்விக்குச் செலவிடுவது என்ற விவாதத்தில் அவர் கல்கத்தாவில் தந்த குறிப்பு அது. நல்லதோர் ஐரோப்பிய நூலகத்தின் ஒற்றை அலமாரித் தட்டு, இந்தியாவும் அரேபியாவும் படைத்த மொத்த இலக்கியத்துக்கும் ஈடாகும் என்ற கருத்தை அதில் எழுதி வைத்திருக்கிறார். ஆக, பொய் மேற்கோளைத் தூக்கி எறிந்தால் மெக்காலே நல்லவராகிவிடுவதில்லை. அவர்மீதான வழக்கு அசல் ஆவணத்தால் இன்னும் வலுக்கிறது. கேள்வி கேட்டதால் நாம் இழந்தது ஒரு பொய்யை மட்டும்தான்.

இப்படிப் படிப்பதற்கும், படித்ததைக் காரணத்தோடு எழுதுவதற்கும் நம் வகுப்பறைகளில் இடம் வேண்டும்.

அமெரிக்க வகுப்பறையில்

இதை ஒரு பாடமாகவே வைத்திருக்கின்றன அமெரிக்கக் கல்லூரிகள். பொறியியல் படிக்க வந்தாலும் இசை படிக்க வந்தாலும், பெரும்பாலான மாணவர்கள் முதலாண்டில் கட்டுரை எழுதும் பாடம் ஒன்றைப் படித்தாக வேண்டும். அந்த வகுப்புகளுக்காக கேரி கொலம்போ, ராபர்ட் கல்லன், பானி லைல் ஆகிய மூவர் தொகுத்து 1989-இல் வெளிவந்த ‘ரீரீடிங் அமெரிக்கா’ பல பதிப்புகள் கண்ட பாடநூல். உழைத்தால் யாரும் உயரலாம், கல்வி எல்லோரையும் சமமாக்கும், எல்லா இனங்களும் ஒன்றாகக் கலந்துவிட்ட நாடு இது என்று அமெரிக்கர்கள் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக அது எடுத்துக்கொள்கிறது. ஹொரேஷியோ ஆல்ஜரின் ‘ராகெட் டிக்’ 1868-இல் வந்த நாவல். ஷூ துடைக்கும் ஏழைச் சிறுவன் உழைப்பாலும் நேர்மையாலும் முன்னேறும் கதை. அதையும் படிக்க வேண்டும்; அந்த ஏணியில் ஏற முடியாமல் போனவர்களின் எழுத்தையும் படிக்க வேண்டும். பிறகு மாணவர் தம் கருத்தை எழுத வேண்டும்.

இதற்குப் பின்னால் உள்ள எண்ணத்தை, 1957-இல் வெளிவந்த ‘மித்தாலஜீஸ்’ நூலில் பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் விளக்கினார். ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு காரணத்துக்காக மனிதர்கள் உண்டாக்கிய ஒன்றை, இயற்கையாகவே அப்படித்தான் என்று தோன்றச் செய்வது தொன்மத்தின் வேலை என்றார் அவர். அப்படியானால் வாசகரின் வேலை, அந்தக் காலத்தையும் காரணத்தையும் தேடிக் கண்டுபிடிப்பது.

அமெரிக்காவின் கதைகளைக் கேள்வி கேட்பதில் நம் பிள்ளைகளுக்கு எந்தச் சிரமமும் இருக்காது. நமக்குப் பிடித்த நம் கதையைக் கேள்வி கேட்கும்போதுதான் பயிற்சி தொடங்குகிறது.

37-ஆல் வகுத்துப் பாருங்கள்

குமரிக்கண்டத்தை எடுத்துக்கொள்வோம். இறையனார் களவியல் உரை மூன்று சங்கங்களின் கதையைச் சொல்கிறது. முதற்சங்கம் 4,440 ஆண்டுகள், இடைச்சங்கம் 3,700 ஆண்டுகள், கடைச்சங்கம் 1,850 ஆண்டுகள் நடந்தனவாம். தென்மதுரையையும் கபாடபுரத்தையும் கடல் கொண்டதாம். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், மூழ்கிய நிலம் 700 காவதம் என்றும் அதில் 49 நாடுகள் இருந்தன என்றும் கணக்குக் கொடுக்கிறார்.

மாணவர்களை அந்த மூன்று ஆண்டுக் கணக்குகளையும் 37-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 120, 100, 50 என்று மீதியே இல்லாமல் வரும். புலவர்கள் கூடிக் கலைந்த மூன்று அவைகளின் ஆயுள் இவ்வளவு சீராக அமைந்திருக்குமா? உரையாசிரியர் கிடைத்த கணக்கைப் பதிவு செய்தாரா, ஒரு கணக்கை வைத்து வரலாற்றை அமைத்தாரா? இந்தக் கேள்வி எழுந்தவுடன் தமிழ் வகுப்பும் கணக்கு வகுப்பும் ஒன்றாகிவிடுகின்றன.

அடுத்து ‘லெமூரியா’. இந்தப் பெயர் எந்தப் பழந்தமிழ் ஏட்டிலும் இல்லை. 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் வைத்த பெயர் அது. மடகாஸ்கரில் வாழும் லெமூரும், அதற்கு உறவான தேவாங்கு போன்ற விலங்குகளும் கடலுக்கு இருபுறமும் இருப்பது எப்படி என்று யோசித்த அவர், நடுவில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்தார். கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-இல் ஆல்ஃபிரட் வெக்னர் சொன்னார். 1960-களில் அந்தக் கருத்து நிலைபெற்றபோது, மூழ்கிய கண்டம் தேவைப்படாமல் போயிற்று. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. நம் மனித இனத்தின் வயதோ சுமார் 3 லட்சம் ஆண்டுகள்.

விலங்கியலாளர்கள் கைவிட்ட கண்டம் தமிழ்நாட்டில் எப்படித் தங்கியது? சுமதி ராமசுவாமி 2004-இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் இந்தக் கேள்வியைத்தான் ஆராய்கிறது. சமஸ்கிருதமே மூலம், தமிழ் பிந்தியது என்று சொல்லப்பட்டுவந்த காலத்தில், தமிழின் தொன்மையை நிறுவத் துடித்த அறிஞர்களுக்கு லெமூரியா கைகொடுத்தது. பழைய உரைகளின் கடல்கோளும் ஐரோப்பியரின் கண்டமும் ஒன்றாக இணைந்தன. அந்தத் துடிப்பின் நியாயத்தை மாணவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். அதைக் கேலி செய்யக் கற்றுக்கொடுப்பது கல்வி ஆகாது.

உரைகள் சொன்ன கடல்கோள் முழுக்கக் கற்பனையா? சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. தமிழகமும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தன. பனி உருகக் கடல் ஏறியது. நிலவியலாளர் சு.கி.ஜெயகரன் ‘குமரி நில நீட்சி’ நூலில் பேசுவது, இப்படிக் கடல் கொண்ட நிலத்தின் உண்மையான அளவைப் பற்றித்தான். 1964-இல் தனுஷ்கோடியையும் 2004-இல் ஆழிப்பேரலையையும் கண்ட மக்களுக்குக் கடல் ஊரைக் கொள்ளும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் படித்த மாணவர், ‘கண்டம் இருந்ததற்குச் சான்று இல்லை, கரையோர நிலத்தைக் கடல் கொண்டதற்குச் சான்று உண்டு, இரண்டும் ஒன்றானது இன்ன காரணத்தால்’ என்று எழுத முடியும். இதனால் தமிழின் பெருமை ஓர் அங்குலமும் குறையாது. கீழடியில் கிடைத்த ஒரு மாதிரியின் காலம் பொ.ஆ.மு. 580 என்று 2019-இல் தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்டது. தோண்டி எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி வாங்கிய எண் அது. எத்தனை மாதிரிகள், எந்த மண்ணடுக்கு, சோதித்தது யார் என்ற கேள்விகளை அதனிடமும் கேட்கலாம். கேட்டால் பதில் கிடைக்கும். அதுவே சான்றின் இலக்கணம்.

கல்லான அகலிகை, சிவந்த மணமகள்

வரலாறு, அறிவியல் பற்றிய கதைகளைவிட ஆழமாக வேர்விட்டவை, ஆணும் பெண்ணும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் கதைகள். அகலிகை சாபத்தால் கல்லானாள் என்பது நமக்குத் தெரிந்த கதை. வால்மீகியில் அவள் கல்லாவதில்லை; யார் கண்ணுக்கும் தெரியாமல், காற்றையே உணவாகக் கொண்டு சாம்பலில் கிடக்க வேண்டும் என்பதே சாபம். கம்பனில் கல்லாகிறாள். 1943-இல் புதுமைப்பித்தன் எழுதிய ‘சாப விமோசனம்’ கதையில், சீதையைத் தீக்குளிக்க ராமன் சொன்னான் என்று கேட்டதும் மீண்டும் கல்லாகிவிடுகிறாள். மூன்றையும் அடுத்தடுத்துப் படிக்கும் மாணவருக்கு, ‘கதையை மாற்றலாமா?’ என்று ஆசிரியரிடம் கேட்கவேண்டிய தேவையே வராது. மாற்றி மாற்றிச் சொல்லித்தான் மரபு வந்திருக்கிறது. ஒவ்வொருவரும் எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்பதே மாணவர் எழுதவேண்டிய கட்டுரை.

இலக்கியம்தான் வேண்டும் என்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் மணமகள் தேவை விளம்பரங்களில் இருபதை வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். ‘சிவந்த நிறம்’, ‘குடும்பப் பாங்கான’ என்பவை எத்தனை முறை வருகின்றன? மணமகனுக்கு நிறம் கேட்பவர்கள் எத்தனை பேர்? சாதி எந்த இடத்தில், எந்தச் சுருக்கெழுத்தில் ஒளிந்திருக்கிறது? 1975-இல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற பெயர் 2020-இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது. பெயர் மாறிய பிறகு விளம்பரம் சொல்லும் கதை மாறியிருக்கிறதா? இதற்கெல்லாம் நோட்ஸில் விடை இருக்காது.

எழுத வைப்பது ஏன்?

பேசும்போது நழுவிவிடலாம், எழுத்தில் அது எளிதல்ல. ‘என்பார்கள்’, ‘நம்பப்படுகிறது’, ‘விஞ்ஞானிகளே வியக்கிறார்கள்’ என்று மாணவர் எழுதும் இடத்திலெல்லாம் ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டு ‘யார்?’ என்று எழுதினால் போதும். திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள் 3 விநாடி நின்றுவிடுகிறது என்ற கதை அந்த ஒரு வட்டத்திலேயே அகப்பட்டுக்கொள்ளும். எந்தச் செயற்கைக்கோள், எந்த ஆண்டு, அறிவித்தது யார்? நொடிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் போவதால்தான் தாழ்ந்த சுற்றுப்பாதையில் உள்ள செயற்கைக்கோள் விழாமல் இருக்கிறது என்று இயற்பியல் ஆசிரியர் சொல்லிக்கொடுப்பார். சனீஸ்வரனைக் கும்பிடுகிற பாட்டியின் பக்திக்கு இதனால் குறையேதும் இல்லை. அவர் செயற்கைக்கோளை நம்பிக் கோயிலுக்குப் போனவர் அல்லர்.

இதற்கான எழுத்துமுறையை வெளிநாட்டில் தேட வேண்டாம். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்திலேயே எழுவகை மதம் என்று வகுத்துவைத்திருக்கிறார். பிறர் கருத்தை ஏற்பது, மறுப்பது, முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர் களைவது, மாறுபடும் இருவரில் ஒருவர் பக்கம் துணிவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயத்தாரின் வாதங்களையும் பொறுமையாகக் கேட்ட பிறகே தன் வழியைத் தேர்கிறாள். குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்தது நீலகேசி. மறுத்து எழுதுவது நமக்கு இரவல் சரக்கல்ல.

ஏற்றுப் பின் களைதல் என்ற முறை மாணவர்களுக்கு மிகவும் ஏற்றது. ஒரு நம்பிக்கையை மறுக்கும் முன், அதை நம்புபவரே ‘ஆமாம், நான் சொல்வது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி ஒரு பக்கம் எழுத வேண்டும். அதன்பிறகே மறுப்பு. இந்த ஒரு பக்கத்தை எழுதிய பிள்ளை, எதிராளியை ஏளனம் செய்யும் பழக்கத்தைத் தானாகவே விட்டுவிடும். ‘எல்லாமே கட்டுக்கதை’ என்று எழுந்துபோகிற சோம்பலும் அதற்கு வராது. எதையும் நம்பாதவரை ஏமாற்றுவது, எல்லாவற்றையும் நம்புகிறவரை ஏமாற்றுவதைப் போலவே எளிது.

தடை எங்கே?

‘மனம் புண்படும், பெற்றோர் சண்டைக்கு வருவார்கள்’ என்ற அச்சம் ஆசிரியர்களுக்கு உண்டு. அது காரணமில்லாத அச்சமும் அல்ல. அடுத்த மதத்தின், அடுத்த சாதியின், அடுத்த கட்சியின் கதையிலிருந்து தொடங்குகிற ஆசிரியர் சிக்கலில் மாட்டுவார். தமக்கும் வகுப்புக்கும் பொதுவாகப் பிடித்த கதையிலிருந்து தொடங்குபவரைச் சந்தேகிப்பது கடினம். அறிவியல் மனப்பான்மையையும் ஆராயும் உணர்வையும் வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976-இல் அரசியல் சட்டத்தின் 51-ஏ பிரிவில் சேர்க்கப்பட்டதும் அவருக்குத் துணை நிற்கிறது.

பெரிய தடை தேர்வுதான். யார் சொன்னாலும் அதன் மெய்ப்பொருளைக் காண வேண்டும் என்கிற குறளை அடிபிறழாமல் எழுதினால் மதிப்பெண் உண்டு. அந்தக் குறள் சொல்வதைச் செய்து காட்டினால் மதிப்பெண் இல்லை. 2018-இல் வரத் தொடங்கிய தமிழகத்தின் புதிய பாடநூல்கள் சிந்தனை வினாக்களுக்கு இடம் தந்தன. ஆனால் வினாத்தாள் நினைவாற்றலுக்கே மதிப்பெண் தரும்வரை, அந்த வினாக்களுக்கும் கைடு விடை அச்சிட்டுவிடும். பிள்ளைகள் அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

பத்தாம் வகுப்புத் தமிழ் வினாத்தாளில் ஒரே ஒரு கேள்வியை மாற்றிப் பார்க்கட்டும் அரசு. மாணவர்கள் முன்பு பார்த்திராத அரைப்பக்கச் செய்தி ஒன்றைக் கொடுத்து, இதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது, ஏன் என்று கேட்கட்டும். முடிவு எதுவாக இருந்தாலும் காரணத்துக்கு மதிப்பெண் தரட்டும். அதுவரை காத்திருக்க வேண்டிய தேவை ஆசிரியர்களுக்கு இல்லை. வாரத்தில் ஒரு பாடவேளை போதும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை ‘இதை யார் சொன்னது?’ என்று கேட்டால் எதிர்த்துப் பேசுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உட்கார்ந்து, சேர்ந்து தேடுங்கள்.